போனுக்குள் நிற்காத மூன்றாவது ராஜா

"ஒரு பக்கம் போனுக்குள்ள போனா எவ்ளோ சுருங்கும், வெண்பா?"

இப்படிக் கேட்டவர் ஜெனிபர் அக்கா. பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்துத் தேறியவள் நான். இணையப் பக்கம் சுருங்கும் என்று எந்தப் பாடத்திலும் படித்ததில்லை. சுருங்காது என்றும் படித்ததில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்று நழுவிவிட்டேன்.

அக்கா எங்கள் பக்கத்து வீடு. விருத்தாசலம் செராமிக் பேட்டையில், கிளமெண்ட் அண்ணனின் பொம்மைப் பட்டறையில் பல வருஷம் அச்சு வேலை பார்த்தவர். களிமண் குழம்பை பிளாஸ்டர் அச்சில் ஊற்றி, இறுகியதும் பொம்மையை எடுத்துச் சூளைக்கு அனுப்புவார். சூளையில் வெந்தால் பொம்மை சுருங்கும். எட்டு இஞ்சு மாதா வேண்டுமென்றால் ஒன்பது இஞ்சுக்கு அச்சு செய்ய வேண்டும். அந்தக் கணக்கு அக்காவின் கையில் ஊறிப்போனது. வீட்டில் சப்பாத்தி தேய்த்தால்கூடக் கொஞ்சம் பெரிதாகத்தான் தேய்ப்பார்.

போன வருஷம் அவருக்கு மூச்சிழுப்பு வந்தது. தூசி இருக்கும் இடத்துக்கே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிளமெண்ட் அண்ணன் தன் பழைய லேப்டாப்பைக் கொடுத்து, பட்டறைக்கு ஒரு இணையப் பக்கம் போடச் சொன்னார். அதைப் பார்த்து ஒரு ஆர்டர் வந்தால் அக்கா அந்த வேலையிலேயே இருக்கலாம். வராவிட்டால் இன்னொரு சம்பளம் கொடுக்க அவருக்கு வழியில்லை. அப்புறம் அக்கா தன் அம்மா மதலேனாவை இங்கே தனியாக விட்டுவிட்டு, திருப்பூரில் தங்கை வீட்டோடு போய் வேலை தேட வேண்டியதுதான்.

அக்கா இலவச வீடியோக்களைப் பார்த்துத்தான் சிஎஸ்எஸ் கற்றுக்கொண்டார். இணையப் பக்கத்தில் இருக்கும் படமும் எழுத்தும் எங்கே, எந்த நிறத்தில், எவ்வளவு பெரிதாக நிற்க வேண்டும் என்று சொல்வதற்குப் பெயர்தான் சிஎஸ்எஸ். பயனுள்ள இணைப்பு எது கிடைத்தாலும் வாட்ஸப்பில் ஒரு குழுவில் போட்டுவைப்பார். குழுவின் பெயர் 'அச்சு ரூம்'. அதில் அவர் ஒருவர்தான் இருந்தார். நிறங்களைப் பொருத்திக் காட்டும் தளம், இலவசத் தமிழ் எழுத்துருக்கள், பெட்டிகளை வரிசையாக அடுக்கிப் பழகும் விளையாட்டு எல்லாம் அதில் கிடந்தன. மேல் வரியின் 'கு'வும் கீழ் வரியின் 'கி'யும் முட்டிக்கொள்வதைப் பார்த்துவிட்டு, தமிழுக்கு வரி இடைவெளி கூட வேண்டும் என்று தானாகவே கண்டுபிடித்தார்.

முதல் பக்கத்தைப் போனில் திறந்தபோது எல்லாம் எறும்பு மாதிரி தெரிந்தது. அக்காவுக்குச் சந்தோஷம். சூளையில் நடப்பதுதான் இங்கேயும் நடக்கிறது என்று முடிவு செய்தார். எழுத்து, படம், பெட்டி எல்லாவற்றின் அளவையும் கூட்டிக்கொண்டே போனார். போனில் சரியாக வந்துவிட்டது. எனக்கும் அது சரி என்றுதான் பட்டது.

புதுச்சேரியில் கடை வைத்திருக்கும் பூர்ணிமா என்பவர் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள் கேட்டிருந்தார்: மாதா, குழந்தை இயேசு, அவரைப் பார்க்க ஒட்டகத்தோடு வரும் மூன்று ராஜாக்கள் என்று ஒரு செட்டு. நேரில் வருவதாகவும், பக்கத்தை பஸ்ஸில் வரும்போதே பார்த்துவிடுவதாகவும் சொன்னார். வருவதற்கு முந்தின நாள் அக்கா, எந்தப் பக்கத்துக்கும் தொடக்கத்தில் போட வேண்டும் என்று ஒரு நல்ல தளம் சொன்ன வரிகளைப் பார்த்து, அவற்றையும் தன் பக்கத்தில் சேர்த்துவிட்டார். போனில் மறுபடி திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலை பட்டறையைத் தள்ளி, தூசி எட்டாத ஆபீஸில் நாங்கள் மூவரும் இருந்தோம். கிளமெண்ட் அண்ணன் தன் போனில் பக்கத்தைத் திறந்தார். போனை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"ஜெனிபரு, மூணு ராஜாவுல ரெண்டு பேருதான் வந்திருக்காங்க. ஒட்டகத்துக்குத் தலை இருக்குது, உடம்பு பக்கத்து வூட்டுல நிக்குது போல."

படங்கள் திரைக்கு வெளியே வழிந்து கிடந்தன. விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டியிருந்தது. பூர்ணிமாவுக்கு அண்ணன் போன் செய்தார். பஸ்ஸு இன்னும் கடலூர் தாண்டவில்லை, உட்கார இடம் கிடைத்ததும் பார்க்கிறேன் என்றாராம்.

அக்கா லேப்டாப்பைத் திறந்தார். புதிதாகச் சேர்த்த வரிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். அதில் ஒரு வரிதான் காரணம். 'என் அகலம்தான் உன் அகலம்' என்று போன், பக்கத்தைப் பார்த்துச் சொல்கிற மாதிரியான வரி அது. அது இல்லாதவரை போன், பெரிய கம்ப்யூட்டர் திரைக்கான பக்கம் என்று நினைத்து, மொத்தத்தையும் சுருக்கிக் காட்டியிருக்கிறது. வரி வந்ததும் சுருக்குவதை நிறுத்திவிட்டது. அக்கா பெரிதாக்கி வைத்தவை பெரிதாகவே நின்றன.

அந்த வரியை எடுத்துவிட்டால் பழையபடி ஆகிவிடுமே என்றேன் நான்.

"இந்தப் போன்ல சரியா வரும். அவங்க போன் எந்த அளவோ, யாருக்குத் தெரியும்?" என்றார்.

லேப்டாப்பில் வலது கிளிக் செய்து, போன் அளவுகளை மாற்றி மாற்றிக் காட்டும் சோதனைக் கருவியைத் திறந்தார். எல்லா பிரவுசரிலும் அது சும்மா கிடைக்கிறது. திரையைக் குறுக்கினார், விரித்தார். மூன்றாவது ராஜா உள்ளே வருவதும் போவதுமாக இருந்தார். அக்காவின் கை சட்டென்று நின்றது.

"நான் இத வெந்த பொம்மன்னு நெனச்சிட்டேன் வெண்பா. இது குழம்பு. போனுதான் அச்சு."

அப்புறம் அவர் வேலை செய்த வேகத்தை நான் பட்டறையில்கூடப் பார்த்ததில்லை. பிக்சலில், அதாவது திரைப் புள்ளிக் கணக்கில், கொடுத்த அகலத்தை எல்லாம் அழித்து, இருக்கும் இடத்தில் இத்தனை பங்கு என்று பெர்சன்டில் எழுதினார். எந்தப் படமும் தன் பெட்டியைத் தாண்டக் கூடாது என்று ஒரு வரி. இடம் போதாவிட்டால் அடுத்த பொம்மை கீழ் வரிசைக்கு இறங்கிக்கொள்ள ஒரு வரி. முடித்ததும் அண்ணன் போன், என் போன், சூளை பார்க்கும் பக்கிரி மாமாவின் திரை கீறிய போன் எல்லாவற்றையும் வாங்கித் திறந்தார். வெந்த பொம்மையில் விரிசல் இருக்கிறதா என்று விரலால் தட்டிக் கேட்பது அவர் பழக்கம். போன்களையும் அப்படியே ஒவ்வொன்றாகத் தட்டினார்.

"ராஜா மூணு பேரும் வந்துட்டாங்களா?" என்றார் பக்கிரி மாமா.

"வந்துட்டாங்க மாமா. உங்க போன்ல ஒருத்தருக்குக் கீழ ஒருத்தரா நிக்கிறாங்க."

பஸ்ஸு நெய்வேலியில் நின்றபோது பூர்ணிமாவிடமிருந்து செய்தி வந்தது. குடில் செட்டு பிடித்திருக்கிறதாம். ஒட்டகம் மட்டும் தனியாகக் கூடுதலாகக் கிடைக்குமா என்று கேட்டிருந்தார். அண்ணன் செய்தியைப் படித்துவிட்டு, போனை அக்காவிடம் நீட்டினார்.

"நீயே பதில் போடு. இனிமே ஒன் வேலைதான அது."

அக்கா திருப்பூர் போகவில்லை. இப்போது மங்கலம்பேட்டையில் ஒரு கடைக்கும் பக்கம் செய்கிறார். 'அச்சு ரூம்' குழுவில் நானும் இருக்கிறேன்.

உங்களுக்குத் தெரிந்த யாராவது பக்கம் போடத் தொடங்கி, போனில் அது வழிந்து கிடப்பதைப் பார்த்து, நமக்கு இது வராது என்று லேப்டாப்பை மூடி வைத்திருக்கலாம். அவருக்கு இந்தக் கதையை அனுப்புங்கள். போனுதான் அச்சு என்று ஜெனிபர் அக்கா சொன்னதாகச் சொல்லுங்கள்.