யாரால்?

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எழுத்துப் பிழையைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. கல்யாணப் பத்திரிகையோ, ஓட்டல் மெனு அட்டையோ, மயிலாப்பூர் மாட வீதியில் தொங்கும் பேனரோ, எதுவானாலும் மனசுக்குள் ஒரு சிவப்புப் பேனா ஓட ஆரம்பித்துவிடும். என் வீட்டுக்காரர் மளிகைச் சீட்டு எழுதும்போது என்னைப் பக்கத்திலேயே வர விடமாட்டார். இருபது வருஷத்துக்கு மேல் தமிழ் டீச்சராக இருந்தால் அப்படித்தான் ஆகும்.

நான் வேலை பார்ப்பது அடையாறு பக்கம் ஒரு மாநகராட்சி நடுநிலைப் பள்ளியில். மந்தைவெளியில் பஸ் ஏறினால் நின்றுகொண்டே போய்ச் சேர்ந்துவிடலாம். பிள்ளைகளில் பாதிக்கு மேல் கடலோரக் குப்பத்திலிருந்து நடந்து வருகிறவர்கள். ஒன்று முதல் எட்டு வரை அங்கேயே படித்துவிடலாம் என்பதுதான் எங்கள் பள்ளியின் ஒரே பெருமை. கட்டடத்தைப் பற்றிப் பெருமையடிக்க ஒன்றும் இல்லை.

அந்தக் கட்டடத்துக்குக் கழிப்பறை கட்டிக் கொடுத்தவர் தி. நகரில் பெரிய துணிக்கடை வைத்திருக்கும் ஒருவர். தெற்கத்திக்காரர், ஊரே அவரை அண்ணாச்சி என்றுதான் சொல்லும். அவருடைய அறக்கட்டளை மின்விசிறி போட்டது, குடிதண்ணீர் இயந்திரம் வைத்தது. அதற்கு முன்னால் எங்கள் பெண் பிள்ளைகள் மத்தியானத்துக்கு மேல் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். ஆகவே நான் அவர்மேல் ஒரு குறையும் வைத்துக்கொண்டு இதை எழுதவில்லை.

தொல்லை வந்தது ஒப்பந்தத்தில். பள்ளிகளைத் தத்தெடுக்கும் கொடையாளர்களுக்கு, பள்ளியை எப்படி நடத்துவது என்பதிலும் உரிமை கொடுக்கலாம் என்று மேலே ஒரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பகுதியில் முதல் ஒத்திகை எங்கள் பள்ளியில். அறக்கட்டளை அனுப்பிய வரைவில் ஒரு வரி இருந்தது. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகள் கிண்டியில் தொடங்கப்படும் மாதிரிப் பள்ளிக்கு மாற்றப்படும்.

படிப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் குப்பத்திலிருந்து கிண்டிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவி ஒரு தாய், கடற்கரையில் மீன் விற்கிறவர். அவர் மகள் அப்போது ஐந்தாம் வகுப்பு. விஷயத்தைச் சொன்னதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

"கிண்டிக்கு யாரு டீச்சர் இட்டுக்கினு போறது? காலைல நான் மீன் ஏலத்துல நிப்பேனா, பஸ்ஸு ஸ்டாண்டுல நிப்பேனா? அஞ்சாவதோட வூட்ல குந்திக்கினு இருக்க வேண்டியதுதான் அவ."

அவர் மிரட்டலுக்குச் சொல்லவில்லை. அந்தக் குப்பத்தில் அப்படி உட்கார்ந்துவிட்ட பெண்களில் நாலைந்து பேரை எனக்கே தெரியும்.

ஆசிரியர்கள் சும்மா இருக்கவில்லை. சங்கத்துக்காரர்கள் உதவியோடு ஆறு பக்கத்துக்கு ஆட்சேபணை எழுதினோம். ஒரு நாள் கருப்புப் பட்டை குத்திக்கொண்டு பாடம் நடத்தினோம். இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கிட்டே வந்து, "யாரு டீச்சர் செத்துட்டாங்க?" என்று ரகசியமாகக் கேட்டது. மேலிடத்திலிருந்து ஒரு வரியில் பதில் வந்தது: தங்கள் மனு பரிசீலிக்கப்படும்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் தலைமையாசிரியை அந்த வரைவை என்னிடம் நீட்டினார். "எழுத்துப் பிழை இருக்கான்னு மட்டும் பாருங்க. நம்ம ஆட்சேபணையோட சேர்த்து இதையும் அறக்கட்டளைக்குத் திருப்பி அனுப்பணும்" என்று சொல்லி, அனுப்புவதற்கென்று இன்னொரு பிரதியும் கொடுத்தார். நான் அப்போது காலாண்டுத் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஏழாம் வகுப்புக்குச் செய்வினை, செயப்பாட்டு வினை. 'மரம் வெட்டப்பட்டது' என்று மட்டும் எழுதிவிட்டு ஓடும் பிள்ளைகளுக்கு நான் 'யாரால்?' என்று சுழித்து அரை மதிப்பெண் குறைப்பேன். செய்தவனைச் சொல்லாமல் வாக்கியத்தை முடிக்கிற வேலையே என்னிடம் ஆகாது. அந்தக் கட்டின் நடுவில் வரைவும் வந்து உட்கார்ந்துகொண்டது.

வகுப்புகள் மாற்றப்படும். யாரால்? பாடவேளைகள் திருத்தியமைக்கப்படும். யாரால்? ஆசிரியர்கள் மதிப்பிடப்படுவர். யாரால்? நூலக நேரம் நீக்கப்படும். யாரால், யாரால் என்று ஓரமெல்லாம் சிவப்பாக்கினேன். கடைசிப் பக்கத்தில் கை தானாக நூற்றுக்கு முப்பத்தேழு போட்டது. கீழே 'செய்பவரைக் குறிப்பிட்டு எழுதப் பழகவும்' என்று எழுதிச் சுருக்கொப்பமும் வைத்தேன். திருத்திய தாள் எழுதியவரிடமே திரும்பிப் போக வேண்டும் என்பது எங்கள் தொழிலில் ஊறிப்போன வழக்கம். அதை ஆட்சேபணையோடு உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை வீட்டில் பையைக் கொட்டினேன். அனுப்ப வேண்டிய சுத்தமான பிரதி அதில் இருந்தது. தலைமையாசிரியைக்குப் போன் செய்தேன். உறையை நேற்றே அனுப்பிவிட்டாராம். பிறகு, "எத்தனை மார்க் போட்டீங்க?" என்றார்.

அடுத்த வாரம் அண்ணாச்சியே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, கையில் என் சிவப்புத் தாள், பின்னால் அறக்கட்டளை மேலாளர். மேலாண்மைக் குழுவை அவசரமாகக் கூட்டி ஐந்தாம் வகுப்பறையில் உட்கார்ந்தோம்.

"இது யாரு போட்ட மார்க்கு?" என்றார் அண்ணாச்சி.

நான் எழுந்து நின்றேன். "நான்தான் சார். மன்னிச்சிடுங்க. பழக்க தோஷம்."

"முப்பத்தேழு பாஸா, பெயிலா?"

"பாஸ்தான் சார். முப்பத்தஞ்சு எடுத்தாப் போதும்."

"பொழைச்சேன்" என்று அவர் சிரித்ததும் அறையே சிரித்தது. ஆனால் தலைவி சிரிக்கவில்லை. "அதுல இன்னா எழுதிக்கீதுன்னு எங்குளுக்கும் படிச்சுக் காட்டுங்க" என்றார்.

மேலாளர் படித்தார். முதல் வரியை முடித்ததும் நான் ஓரத்தில் இருந்ததையும் படிக்கச் சொன்னேன். அவர் வேண்டாவெறுப்பாக "யாரால்" என்றார். தலைவி அதைப் பிடித்துக்கொண்டார்.

"ஆமா, யாரால?"

"நிர்வாகக் குழுவால்."

"அதுல நாங்க கீறோமா?"

"இல்லை."

"டீச்சருங்க?"

"இல்லை. அறக்கட்டளை நியமிக்கும் நிபுணர்கள்."

அடுத்த வரிக்குத் தலைவி மட்டும் தனியாகக் கேட்கவில்லை. பெஞ்சில் இருந்த அத்தனை தாய்மாரும் "யாரால?" என்றார்கள். மூன்றாவது வரிக்கு மேலாளரின் குரல் கம்மிவிட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தலைவி எழுந்தார். "நைனா, கக்கூஸு கட்டிக் குடுத்தீங்க, கையெடுத்துக் கும்புட்டுக்கறேன். அதுக்காண்டி எம்பொண்ணு எங்க படிக்கணும்னு நீங்க சொல்லுவீங்களா?"

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். "நான் இதை முழுசாப் படிக்கலம்மா. பயலுவ எழுதிக் கொண்டாந்தானுவ, கையெழுத்துப் போட்டுட்டேன். புள்ளையளுக்கு நல்லதுன்னுதான் நெனச்சேன்."

நல்ல மனிதர்தான், உண்மையாகத்தான் சொன்னார். எனக்கோ அப்போதுதான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு கையெழுத்தில் மூன்று வகுப்புகள் போயிருக்கும், அவர் படித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

"சார், நீங்க நல்லவர்னு எங்களுக்குத் தெரியும். உங்களுக்கு அப்புறம் வர்றவரும் நல்லவரா இருப்பார்னு இதுல எங்க எழுதியிருக்கு? நீங்க என்ன வேணும்னாலும் குடுங்க. முடிவெடுக்கிற வேலையை மட்டும் எங்ககிட்ட விட்டுடுங்க" என்றேன்.

அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "திருத்தி எழுதியாரேன். அப்பமும் நீங்களே திருத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு மாதம் கழித்துப் புது வரைவு வந்தது. கிண்டி வரியே காணோம். அதன் இடத்தில், 'வகுப்புகள் தொடர்பான எந்த மாற்றமும் பள்ளி மேலாண்மைக் குழுவால் மட்டுமே முடிவு செய்யப்படும்' என்று இருந்தது. ஒரு சந்திப் பிழையைத் தவிர வேறு குறை இல்லை. பெரிய யோசனை மட்டும் மேலே இன்னும் பரிசீலிக்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. மற்றப் பள்ளிகளுக்காகச் சங்கம் இன்னும் மனு எழுதுகிறது, நானும் போய்க் கையெழுத்துப் போடுகிறேன். எனக்கும் ஒரு கடிதம் வந்தது. இனி எச்சரிக்கையாக இருக்குமாறு அறிவுறுத்தப்படுகிறேனாம். அதில் 'யாரால்' இல்லை. பேனாவை எடுத்தேன், தலைமையாசிரியை கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. ஆறாம் வகுப்பில் வருகைப் பதிவேட்டை எடுத்தேன். தலைவியின் மகள் மூன்றாவது பெஞ்சில், புதுச் சீருடையில், மொடமொடவென்று உட்கார்ந்திருந்தாள். எல்லாரையும் கூப்பிட்டு முடித்துவிட்டுக் கரும்பலகையில் எழுதினேன்: 'ஆறாம் வகுப்பு இங்கேயே வைக்கப்பட்டது.'

"இந்த வாக்கியத்துல என்ன குறையுது?"

விஷயம் குப்பம் முழுக்கப் பரவியிருந்தது போலிருக்கிறது. வகுப்பே ஒரே குரலில் கத்தியது: "யாரால், டீச்சர்?"

மூன்றாவது பெஞ்சிலிருந்து அவள் எழுந்து நின்றாள். "எங்கம்மாவால!"

'எங்கள் அம்மாவால்' என்று சொல்ல வேண்டும். அன்று நான் திருத்தவில்லை.