முகமூடிக்குள் நான்கு வரி

பென்டில்ஹில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற கார்த் தரிப்பிடத்தில், கிழமையில் நான்கு நாள் பகல் பதினொரு மணிக்கு, வெள்ளை டொயோட்டா ஒன்றின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். மூக்கையும் வாயையும் மூடி ஒரு கறுப்பு ரப்பர்க் கிண்ணம். மடியில் மடிக்கணினி. ஒருநாள் வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் கண்ணாடியைத் தட்டி, அம்புலன்சைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார். அவள் கிண்ணத்தை எடுத்துவிட்டு, தான் சுகமாகத்தான் இருப்பதாகவும், நீதிமன்றத்தில் வேலை செய்யப் படிப்பதாகவும் சொன்னாள். கிழவர் நம்பவில்லை என்பது அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போன விதத்தில் தெரிந்தது.

ஜெனோஜா மன்னாரில் பிறந்தவள். வயது முப்பத்தெட்டு. மத்தியானத்துக்குப் பிறகு முதியோர் இல்லமொன்றின் குசினியில் வேலை. காலையில் இந்தப் படிப்பு. விசாரணையில் பேசப்படும் ஒவ்வொரு சொல்லையும், பேசுகிறவருக்கு அரை வசனம் பின்னால் ஓடியபடி, முகமூடி என்று சொல்லப்படுகிற அந்தக் கிண்ணத்துக்குள் அவள் திருப்பிச் சொல்ல வேண்டும். உள்ளே மைக் இருக்கிறது. பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காது. கணினி அவள் குரலைக் கேட்டு எழுத்தாக்கும். கொமாவை அவள்தான் சொல்ல வேண்டும், முற்றுப்புள்ளியையும் அவள்தான் சொல்ல வேண்டும். யார் பேசுகிறார் என்பதற்கும் ஒவ்வொரு குறிச்சொல் உண்டு: 'கேள்வி' என்றால் சட்டத்தரணி, 'பதில்' என்றால் சாட்சி.

குரலில் உணர்ச்சி கலக்கக்கூடாது. கலந்தால் கணினி பிழைவிடும். சாட்சி அழுதாலும் அவள் தட்டையாகவே சொல்ல வேண்டும். சாட்சி 'நான்' என்றால் அவளும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். பதினெட்டு மாதமாக அவள் யார் யாருக்கெல்லாமோ 'நான்' சொல்லியிருக்கிறாள். நான் சிவப்பு விளக்கைப் பார்க்கவில்லை. நான்தான் அவனை அடித்தேன். நான் அந்தக் காசோலையில் கையெழுத்து வைக்கவில்லை.

தொடக்கத்தில் கணினிக்கு அவளுடைய ஆங்கிலம் பிடிபடவில்லை. மணிக்கணக்காக வாசித்துக் காட்டித்தான் பழக்கினாள். இந்த நாட்டில் எத்தனையோ பேர் அவளுடைய உச்சரிப்பைத் திருத்த வந்திருக்கிறார்கள். திருத்தாமல், அதை அப்படியே கற்றுக்கொண்ட முதல் ஆள் அந்தக் கணினிதான்.

"சுவரோட கதைக்கிறதுகளக் கண்டிருக்கிறன். நெபுலைசரோட கதைக்கிற மருமகள இப்பதான் காணுறன்," என்று மாமியார் பிலோமினம்மா கதிரையில் இருந்தபடி சொல்வார்.

"அதாலதான் மாமி காருக்குள்ள போறன். வீட்டில உங்கட ரீவியின்ர கதையும் சேர்ந்தெல்லே பதியுது."

"என்ர நாடகத்தையும் எழுதித் தருமோ அது?"

"தரும். அழுகைய மட்டும் எழுதாது."

இந்த வேலை அவளுக்கு ஏன் வேண்டும் என்பது கணவன் றொகானுக்கு மட்டும் தெரியும். அவனுக்கும் பாதிதான் தெரியும்.

2014 இல், அகதி விண்ணப்பத்துக்காக ஓர் அறையில் அவளை இருத்தி விசாரித்தார்கள். மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில் இருந்தார். மன்னாரில், ஒரு சோதனைச்சாவடியில், தனக்கு என்ன நடந்தது என்பதை அவள் அன்றைக்குச் சொன்னாள். தாயிடம் சொல்லாததை, பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லாததை, மேசையில் இருந்த ஒரு தொலைபேசிப் பெட்டியைப் பார்த்துச் சொன்னாள். வாழ்நாளில் அந்த ஒரு முறைதான். விண்ணப்பத்தை மறுத்தார்கள். குறித்த சம்பவம் பற்றி விண்ணப்பதாரி விபரம் எதையும் தரவில்லை என்பது காரணம். அவள் விசாரணைப் பதிவைக் கேட்டு எடுத்துப் பார்த்தாள். அந்த இடத்தில் மூன்று தடவை ஒரே சொல் இருந்தது: 'தெளிவில்லை'. 'தெளிவில்லை'. 'தெளிவில்லை'.

தொலைபேசி இரைந்ததா, மொழிபெயர்ப்பாளருக்கு வாய் வரவில்லையா, எழுதியவருக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரமா, யாருக்குத் தெரியும்? ஒரு மனுசியின் உயிரைப் பிடுங்கிய நேரம் ஒரு சொல்லில் அடைக்கப்பட்டது. அதற்காக எவருடைய சம்பளமும் குறையவில்லை. மேல்முறையீட்டில் திரும்பச் சொல்லுங்கள் என்றார்கள். அவளால் முடியவில்லை. சில வருடங்களுக்குப் பிறகு றொகானைக் கட்டியதால் விசா கிடைத்தது. சாட்சியாக அவளை நம்பாத அரசாங்கம் மனைவியாக நம்பியது.

பதிவின் கடைசிப் பக்கத்தின் அடியில், எழுதியவரின் பெயரின் முதலெழுத்துகள் இரண்டு இருந்தன. யாரோ ஒருவர் கதிரையில் இருந்து, கேட்டு, கையை நிறுத்தி, 'தெளிவில்லை' என்று அடித்திருக்கிறார். அந்தக் கதிரையில் தான் இருக்க வேண்டும் என்ற ஏக்கம் அன்றைக்குத் தொடங்கியது. வேறு வேலைகள் வந்தன, போயின. ஏக்கம் போகவில்லை.

கடைசிப் பரீட்சை ஒக்டோபரில் வந்தது. பரமட்டாவில் ஒரு விசாரணை அறை. வேலையில் காயப்பட்ட ஒருவரின் இழப்பீட்டு வழக்கு. அறையின் பின்வரிசையில் இருந்து நாற்பது நிமிடம் பதிவு செய்ய வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுச் சொல் சரியாக இருந்தால் வேலை. மேற்பார்வைக்கு வந்த மோரீன் முப்பது வருடம் இதே தொழிலில் இருந்தவள். ஜெனோஜாவின் எழுத்து அவளுடைய திரையிலும் ஓடும்.

சாட்சி தமிழர் என்று ஜெனோஜாவுக்கு முதலில் தெரியாது. ஐம்பது வயதிருக்கும். வலது கையில் மூன்று விரல் இல்லை. பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர்.

"விதி தெரியும்தானே?" என்று மோரீன் காதுக்குள் கேட்டாள். "மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலம் மட்டும். சாட்சி தன் மொழியில் பேசும்போது நீ மூச்சு வாங்கிக்கொள்."

முதல் இருபது நிமிடம் தண்ணீராக ஓடியது. இயந்திரத்தின் பெயர், திகதி, எந்த வேலைநேரம். ஜெனோஜாவின் வாய் தானாக வேலை செய்தது. பிறகு நிறுவனத்தின் சட்டத்தரணி எழுந்து, இயந்திரத்தில் பழுது இருந்தது என்றால் ஏன் முறையிடவில்லை என்று கேட்டார்.

அந்த மனிதர் விரலில்லாத கையை மேசைக்குக் கீழே இறக்கிவிட்டுச் சொன்னார்: "ரெண்டு தரம் சொன்னனான் ஐயா, கவர் கழண்டு கிடக்குது எண்டு. அதுக்குச் சுப்பவைசர், விருப்பமில்லையெண்டா போ, உன்னை மாதிரி விசாவில பத்துப்பேர் வெளியில நிக்கிறாங்கள் எண்டவர். அதுக்குப் பிறகு நான் வாய் திறக்கேல்ல. வீட்டில நாலு சீவன் என்னை நம்பி இருக்குது."

மொழிபெயர்ப்பாளர் தன் குறிப்பேட்டைப் பார்த்தார். ஆங்கிலத்தில் சொன்னார்: "நான் மேற்பார்வையாளரிடம் சொன்னேன். அதன் பிறகு முறையிடவில்லை."

அவ்வளவுதான். வெருட்டல் போய்விட்டது. நான்கு சீவனும் போய்விட்டது. முறையிடவில்லை என்பது மட்டும் அறையில் மிஞ்சியது. "ஆக, நீங்கள் முறையிடவில்லை," என்று சட்டத்தரணி அதைத் தூக்கிப் பிடித்தார்.

ஜெனோஜாவுக்கு ஒரு கணம் இருந்தது. இருபத்தொரு நிமிடம் பிழையில்லாமல் வந்தாகிவிட்டது. மொழிபெயர்ப்பாளரின் இரண்டு வசனத்தையும் சொல்லிவிட்டு ஓடினால் நவம்பரில் வேலை. அந்தக் கதிரை. அவள் முகமூடியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். 'பதில்' என்றாள். அந்த மனிதர் சொன்ன நான்கு வரியையும், ஒன்றுவிடாமல், ஆங்கிலத்தில், தட்டையான குரலில், கொமா முற்றுப்புள்ளியோடு சொல்லி முடித்தாள். நான் இரண்டு தரம் சொன்னேன். கடைசிப் புள்ளியை வைக்கும்போது சட்டத்தரணி மூன்று கேள்வி தாண்டியிருந்தார். அவற்றைப் பிடிக்க முடியவில்லை. பிடிக்க அவள் பெரிதாக முயலவும் இல்லை.

வெளியே நடைபாதையில் மோரீன் திரையைத் திருப்பிக் காட்டினாள். "இந்த நான்கு வரி யார் சொன்னது?"

"சாட்சி."

"ஆங்கிலத்தில் யாரும் சொல்லவில்லை."

"தமிழில் சொன்னார். அறையில் இருந்த எல்லோருக்கும் முன்னால்தான் சொன்னார்."

"ஜெனோ, நாங்கள் மொழிபெயர்க்கிறவர்கள் இல்லை. ஆளாளுக்குத் தெரிந்ததைச் சேர்க்கத் தொடங்கினால் எந்தப் பதிவை யார் நம்புவது?"

அதில் நியாயம் இருந்தது. ஜெனோஜாவுக்கு அதுதான் கூடுதலாகச் சுட்டது. "சேர்த்தது பிழை," என்றாள். "விட்டதும் பிழைதானே. அதற்கு யாரைப் பெயில் ஆக்குவீர்கள்?"

மோரீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "உன்னைப் பெயில் ஆக்கத்தான் வேண்டும். அடுத்த தவணை ஏப்ரலில்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அறையில் ஒலிப்பதிவு இருக்கிறது. அவர் தமிழில் சொன்னதும் அதில் இருக்கும். அவருடைய சட்டத்தரணி கேட்டால் வேறொருவரைக் கொண்டு சரிபார்ப்பார்கள். கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தால். நான் சொல்லக்கூடாது. கழுத்தில் அந்த அட்டை இருக்கும்வரை நீயும் சொல்லக்கூடாது."

ஜெனோஜா பயிற்சி அட்டையைக் கழற்றி மோரீனின் கையில் வைத்தாள்.

மின்தூக்கிக்கு முன்னால் நின்று சான்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்த, சாட்சியின் இளம் சட்டத்தரணியிடம் நேரே போனாள். தான் தமிழ் தெரிந்த ஒரு பொதுமகள் என்றும், பின்வரிசையில் இருந்து கேட்டவள் என்றும் சொல்லி, எத்தனை மணிக்கு, எந்தக் கேள்விக்கு, எது விடுபட்டது என்று சொன்னாள். அவன் ஒரு கோப்பின் பின்பக்கத்தில் எழுதினான். இரண்டு தரம் திருப்பிச் சொல்லச் சொன்னான். அவள் இரண்டு தரமும் சொன்னாள். அந்த மனிதர் தூரத்து வாங்கில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். இவள் யாரென்று அவருக்குத் தெரியாது. வழக்கு என்ன ஆனது என்று இவளுக்கும் பிறகு தெரியவரவில்லை.

ரயில் நிலையத்தில் இறங்கிக் காருக்குள் ஏறும்போது றொகான் அழைத்தான். "என்னப்பா, பாஸோ?"

"இல்ல. ஏப்ரலில திரும்ப."

"எத்தின வீதத்தால விட்டுட்டீர்?"

"நாலு வரியால."

அவனுக்கு விளங்கவில்லை. கதையைச் சாப்பாட்டுக்குத் திருப்பினான். "அம்மா மீன் குழம்பு வைச்சிருக்கிறா. நெபுலைசர்காரி வந்தாப்பிறகுதான் சாப்பாடாம்."

"வாறன் எண்டு சொல்லுங்கோ. கொஞ்சம் பிந்தும்."

இன்றைக்கு அவள் வேலைக்கு விடுமுறை எடுத்திருந்தாள். கார்த் தரிப்பிடத்தில் வெயில் இன்னும் இருந்தது. அவள் கண்ணாடிகளை ஏற்றினாள், கணினியைத் திறந்தாள், முகமூடியை வைத்தாள். பதினெட்டு மாதமாகப் பலருடைய 'நான்' இதற்குள் போயிருக்கிறது. இன்னொரு சாட்சியின் 'நான்' என்று நினைத்தால் என்ன? தட்டையாக. அரை வசனம் பின்னால் நின்று.

'பதில்' என்றாள்.

பிறகு சொன்னாள். சொல்கிறவளுக்கும் எழுதுகிறவளுக்கும் இடையில் எந்தத் தொலைபேசியும் இல்லாமல், அவளே கட்டிய ஆங்கிலத்தில், சாவடியின் பெயரிலிருந்து தொடங்கி, கொமா, முற்றுப்புள்ளி. ஓர் இடத்தில் குரல் உடைந்தது, கணினி பிழைவிட்டது. அவள் நிறுத்தி, மூச்சு வாங்கி, அந்த வசனத்தைத் திரும்பச் சொன்னாள். ஏழு நிமிடம் எடுத்தது.

திரையில் ஒன்றரைப் பக்கம் இருந்தது. வாசித்தாள். ஊரின் பெயர் ஒன்றைத்தான் கணினி பிழையாக எழுதியிருந்தது. அதை எழுத்தெழுத்தாகச் சொல்லித் திருத்தினாள். தெளிவில்லாத இடம் ஒன்றும் இல்லை.

இதை வாங்கிக்கொள்ள இன்றைக்கு எந்த அறையும் இல்லை. கேள்வி கேட்டவர்கள் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னமே கோப்பை மூடிவிட்டார்கள். கணினி, எந்தப் பெயரில் சேமிப்பது என்று கேட்டது. அவள் 2014 இன் அந்தத் திகதியைச் சொன்னாள். கடைசிப் பக்கத்தின் அடியில், எழுதியவரின் முதலெழுத்துகள் வரும் இடத்தில், தன் பெயரை முழுதாகச் சொன்னாள்.

பிறகு முகமூடியைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, மீன் குழம்புக்கு நேரமாகிறதென்று காரை எடுத்தாள்.