தேசிக்காய்ச் சாறு பூசிய முகம்

அன்று வீட்டில் அம்மா, அக்கா, நான் மூவரும் இருந்தோம். ஐயா கடலுக்குப் போயிருந்தார். இருந்திருந்தால் ஒருவேளை தடுத்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அதுவரை அவள் வல்வெட்டித்துறைக் கரையில் மீன் காயவைக்க வேண்டும். வழக்கம்போல் தேங்காயெண்ணெய் தடவி, தலைத்துணியை முகம் மறைய இழுத்துக் கட்டினாள்.

"உதெல்லாம் எதுக்கு? தேசிக்காய்ச் சாறு பூசினால் வெயில் ஒண்டும் செய்யாது. புத்தகத்திலை படிச்சனான்," என்றேன். எலுமிச்சை, எங்கள் ஊரில் தேசிக்காய், தோலுக்கு நல்லது என்ற ஒரு வரிதான் நான் படித்தது. வெயிலை நானே சேர்த்துக்கொண்டேன்.

"அப்ப துணியும் வேண்டாமோ, டொக்டர் ஐயா?" என்று அக்கா சிரித்தாள்.

"படிச்ச பிள்ளை சொல்லுறான், பூசிப் பாரன்," என்றார் அம்மா. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான்.

அக்கா சாறைப் பூசிக்கொண்டு, துணி கட்டாமல் கரைக்குப் போனாள். மறுநாள் அவள் கன்னங்கள் சிவந்து எரிந்தன. அடுத்த நாள் கொப்புளம் போட்டது. "சாறு பட்ட தோல் வெயிலிலை வெந்துபோகும். கறுப்பு மாற மாதக்கணக்காகும். துணியாலை மூடுங்கோ," என்றார் டொக்டர்.

"நீ நல்லதுக்குத்தானே சொன்னனி, தம்பி," என்றாள் அக்கா. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஞாயிறு வந்த மாப்பிள்ளையின் தாய், "பிள்ளைக்குத் தோல் வருத்தமோ?" என்று கேட்டார்.

"என்ரை பிழை. தேசிக்காய் பூசச் சொன்னது நான்தான்," என்றேன்.

"தம்பி படிச்சவரெல்லே, நல்லாய்க் கதைக்கிறார்," என்று சிரித்தார். நான் சொன்ன ஒரே உண்மையை யாரும் நம்பவில்லை.

கலியாண நாளுக்குள் அக்காவின் முகம் பழையபடி ஆகிவிட்டது. ஆனாலும் அன்று பார்த்த முகத்தைச் சொல்லிச் சீதனத்தில் கூட்டிக் கேட்டதை மாப்பிள்ளை வீட்டார் குறைக்கவில்லை. இரண்டாயிரம் ரூபாய்.