வாளி வரிசையில் ஓர் இடைவெளி

மார்ச் 14, காலை 9.10, மேகமற்ற வெயில். அணையில் நீர் இறங்கிவிட்டதால் கொழும்பு கொட்டாஞ்சேனைக் குழாய்கள் வறண்டுவிட்டன. தண்ணீர் பவுசர் வண்டி வரும் ஒழுங்கையில் முப்பத்தொரு வாளிகள் உறங்குவதுபோல் வரிசையில் நிற்கின்றன. துறைமுகத்துக் கப்பலின் சங்கு, எங்கோ மதகு திறப்பதுபோல் கேட்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து கல்யாணத்துக்கு வந்த நான் குளிக்காமல் எப்படிப் போவது? வரிசை நடுவே தெரிந்த இடைவெளியில் என் வாளியை வைக்கிறேன்.

"ஐயா, அது ரோஸி அக்காட இடம்," என்கிறார் வரிசையில் நிற்கும் ஓர் ஓட்டோக்காரர்.

"வாளியைக் காணேல்லையே? நான் குளிச்சிட்டுக் கல்யாணத்துக்குப் போகோணும்."

"அவவுக்கு மாடியால இறங்க ஏலாது. பவுசர் வந்ததும் நாங்கதான் வாளி எடுத்து வந்து வைப்பம். ஏன் அவசரம், நீங்கதான் மாப்பிள்ளையோ?"

கடைசிக்குப் போகிறேன். பவுசர் வந்து, இருபத்தொன்பதாவது வாளியோடு வற்றிவிடுகிறது. ரோஸியின் வாளி, ஓட்டோக்காரர் கையில் தளும்பாமல் மாடியேறுகிறது.

நான் முகம் கழுவக் கடையில் வாங்கிய ஒரு போத்தல் தண்ணீர்: நூறு ரூபாய்.