இரண்டு புட்டா வரிசை நேரம்

எங்கள் கேக் வாட்ஸப் குழுவில் யார் காஞ்சிபுரம் இட்லிக்குச் செய்முறை கேட்டாலும், நான் அனுப்புவதில் கடைசி வரி இதுதான்: ‘ரெண்டு புட்டா வரிசை நேரம் வேகணும்.’ உடனே வெளியூர்க்காரி யாராவது கேள்விக்குறியாகப் போட்டுத் தள்ளுவாள். நிமிடக் கணக்கு எனக்குத் தெரியாமல் இல்லை. வீட்டில் கேக் செய்து விற்கிறவள் நான். மணி அடிக்காமல் ஓவனிலிருந்து எதையும் வெளியே எடுத்ததில்லை. ஆனாலும் அந்த வரியை மாற்ற மனசு வருவதில்லை.

தலைச்சன் பிள்ளை உண்டாகி, என் தங்கை எங்கள் வீட்டில் வந்து இருந்த சமயம் அது. பொல்லாத மசக்கை. கஞ்சி குடித்தால் வாந்தி, இளநீர் குடித்தால் வாந்தி. கழுத்தெலும்பு தெரியும்படி இளைத்துவிட்டாள். இந்த வாரமும் சாப்பாடு தங்கவில்லையென்றால் ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்ற வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். நான் செய்யாத கேக் இல்லை. வாழைப்பழம், கேரட், ஏலக்காய் என்று ஒன்று மாற்றி ஒன்று. நான் ஓவன் பக்கம் போனாலே மூக்கைப் பொத்திக்கொள்வாள். ஊரே என் கேக்கைக் கொண்டாடும்போது கூடப் பிறந்தவள் மூக்கைப் பொத்தினால் எனக்கு எப்படி இருக்கும்? கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

ஒரு காலையில் அவளே எழுந்து உட்கார்ந்தாள். “பக்கத்து வீட்ல என்னமோ வாசனை வருதுக்கா. சுக்கும் நெய்யும். அது வேணும்.”

பல நாளைக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் ‘வேணும்’. செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

பக்கத்து வீட்டில் அண்ணனும் அக்காவும் தறி நெய்கிறவர்கள். வீட்டுக்குள் தெலுங்கு, எங்களிடம் தமிழ். எங்கள் சமையலறைக்கும் அவர்கள் தறிக்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான். நான் போனபோது அக்கா காலிப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“அய்யோ, இட்லி கடைசித் துண்டு இப்பத்தான்மா இவரு வாயில போச்சு. வெள்ளிக்கெழம முகூர்த்தப் பொடவை குடுக்கணும், திரும்ப ஆட்ட எனக்கு நேரமில்ல. சொல்றேன், நீயே செய்.”

பச்சரிசி, புழுங்கலரிசி, உளுந்து. ரவை பதத்தில் அரைத்து நன்றாகப் புளிக்க வேண்டும். மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், கறிவேப்பிலை, தாராளமாக நெய். மூங்கில் குடலையில் மந்தாரை இலை விரித்து அதில் மாவை ஊற்ற வேண்டும். எல்லாம் சரி. எவ்வளவு நேரம் வேக வேண்டும் என்று கேட்டேன்.

“கடியாரத்த யாரு பாத்தாங்க? அடுப்புல வெச்சுட்டு தறியில உக்காருவேன். பொடவையில பூ போடற புட்டா வரிச ரெண்டு முடிஞ்சா எழுந்து எறக்கிடுவேன். நடுவுல தொறந்து பாக்காத, ஆவி போயிடும். எங்க தறிச் சத்தந்தான் ஒனக்கு கேக்குதே, நான் உக்காந்ததும் வை, எழுந்ததும் எறக்கு.”

மறுநாள் மாவு பொங்கி நின்றது. மூங்கில் குடலை என்னிடம் ஏது? கேக் டின்னில் இலையை விரித்துப் பாதி மாவை ஊற்றி, இட்லிப் பானைக்குள் இறக்கினேன். சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓட ஆரம்பித்தது. சுவரிலேயே காதை வைத்துக்கொண்டு நின்றேன். சத்தம் நின்றது. இறக்கினேன். கத்தி வைத்ததும் நடுவிலிருந்து மாவு வழிந்து மேடையெல்லாம் ஓடியது. தங்கை எட்டிப் பார்த்துவிட்டு, போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கரண்டியும் கையுமாகப் போய் நின்றேன். “ரெண்டு வரிசைன்னு சொல்லிட்டு பாதியில எழுந்தா எப்படிக்கா?”

அந்த அக்கா தறியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. “யாரும்மா எழுந்தாங்க? பாவு இழை அறுந்துபோச்சு, முடிச்சு போட்டுக்கினு இருக்கேன். நான் நிறுத்தினா நீ அடுப்ப நிறுத்திடுவியா?” என்று சொல்லி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அண்ணனும் சிரித்தார். கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தேன்; பிறகு எனக்கும் தாங்கவில்லை.

“மீதி மாவு இருக்குதுல்ல? போய் வை. இந்த வாட்டி நானே கொரல் குடுக்கறேன்.”

மறுபடியும் வைத்தேன். அன்றைக்குத்தான் அந்தச் சத்தத்தைச் சரியாகக் கேட்டேன். புட்டா போடும்போது தறி நிதானமாக அடிக்கும். பூவில்லாத வெறும் உடல் பகுதிக்கு வந்ததும் ஓட்டமெடுக்கும். நிதானம், ஓட்டம். மறுபடி நிதானம், மறுபடி ஓட்டம். கை தானாக அடுப்புப் பக்கம் போனபோது சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது: “எறக்குமா!”

இட்லி கேக் மாதிரியே வட்டமாகப் பெயர்ந்து வந்தது. தங்கை ஒரு துண்டை எடுத்துக் கிள்ளிக் கிள்ளித் தின்றாள். தின்று முடித்ததும் கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்துகொண்டாள். நான் வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தேன். மூச்சு விடவும் பயமாக இருந்தது. வீடு அவ்வளவு அமைதி.

அப்போதுதான் உறைத்தது. தறிச் சத்தத்தைக் காணோம். ‘எறக்குமா’ என்று சொன்னதிலிருந்து ஓடவே இல்லை. இழை அறுந்திருக்குமோ என்று நினைத்தேன்.

தங்கை கண்ணைத் திறந்தாள். “இன்னொண்ணு குடுக்கா. கொஞ்சம் பெரிசா.”

வாளியைக் கீழே வைத்தேன். நான் போட்ட கத்தல் தெருவுக்கே கேட்டிருக்கும். “அக்கா, தங்கிடுச்சுக்கா!”

“தெரியும்மா, காத வெச்சுக்கினுதான இருக்கேன்” என்றார் அந்த அக்கா, சுவரை ஒட்டி, வெகு அருகிலிருந்து. பிறகு தறி ஓட ஆரம்பித்தது.