ஓர்லாவை யார் விழவைப்பது?

நாட்டுக்காக விளையாடுகிறவருக்கு அரசாங்கம் ஒரு வேலை கொடுத்துவிடும் என்றுதான் எங்கள் குடும்பம் நம்பியிருந்தது. ஆகவே, மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மாடிக்குக் குடிவந்த ஓர்லா, அயர்லாந்துப் பெண்கள் ரக்பி அணியில் சம்பளமில்லாமல் ஆடுகிறாள் என்று அறிந்தபோது அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை.

சுனாமிக்கு அடுத்த ஆண்டு அது. கடலோரக் கிராமங்களில் பிசியோதெரபி செய்ய வந்திருந்தாள். ஊர் திரும்பியதும் அணித் தேர்வு. ரக்பியில் பந்தோடு ஓடுகிறவரை எதிரணி கட்டிப்பிடித்துத் தரையில் சாய்க்கும். மாதக்கணக்கில் விழாத உடம்பு விழுவதை மறந்துவிடும். மறந்தால் அணியில் இடம் போய்விடும். அதுதான் அவளுடைய கவலை.

ஆனால், அவளை விழவைக்க மஞ்சக்குப்பத்தில் யார் இருக்கிறார்கள்?

சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்த என் அண்ணன், தன் கபடி மாணவர்களை பஸ் ஏற்றி அழைத்து வந்தார். மலை போன்ற பிள்ளைகள். வீட்டுக்கு எதிரே இருந்த மண் திடலில் ஓர்லா அந்த முட்டை வடிவப் பந்தை அணைத்துக்கொண்டு பாய்ந்து வந்தாள். பிள்ளைகள்... மரியாதையாக வழிவிட்டார்கள்.

"வாங்கக்கா" என்றான் ஒருவன்.

பெண்ணைத் தொடவே கூச்சம். இவளோ விருந்தாளி வேறு. ஒரு கீறல் விழுந்தாலும் ஊருக்குப் பதில் சொல்ல முடியாது என்று அப்பா ஓரமாக உட்கார்ந்து எச்சரித்தபடி இருந்தார். உலகிலேயே தடுக்க முடியாத வீராங்கனையாகச் சில நாட்கள் ஓடிய ஓர்லா, கடைசியில் அழுதேவிட்டாள்.

அன்று வீட்டிலிருந்து டீ ஃபிளாஸ்க்கோடு வந்தவர் என் அண்ணி. பெண்ணாடத்துக்காரர், கல்யாணம் வரை கபடி ஆடியவர். ஃபிளாஸ்க்கை அப்பாவிடம் கொடுத்தார். முந்தானையை இழுத்துச் செருகினார். அடுத்த கணம் ஓர்லாவின் கணுக்கால்கள் அண்ணியின் பிடியில், முகம் புழுதியில்.

"என்னாம்மா இது?" என்று எழுந்தார் அப்பா.

"அவுங்கதான மாமா கேட்டாங்க. யாரும் குடுக்கல... நான் குடுத்தேன்."

ஓர்லா மண்ணைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். "அண்ணி, இன்னொரு தடவை."

அதன்பின் மாலைதோறும் இதே காட்சி. பக்கத்து வீட்டம்மாள் சமாதானம் பேசவே வந்துவிட்டார்.

"தண்ணி மோட்டார் போடுறதுல தகராறுன்னா உக்காந்து பேசிக்கலாம். குடிவந்த பொண்ண இப்பிடியா போட்டு உருட்டுறது?"

தேர்வில் ஓர்லாவுக்கு இடம் கிடைத்தது. வேலைக்கு அவ்வப்போது விடுப்புப் போட்டுச் சில ஆண்டுகள் நாட்டுக்காக ஆடினாள். போன வாரம் போனில் அழைத்தாள். முழங்கால் ஒத்துழைக்காததால் நிறுத்திவிட்டாளாம். அவளோடு மோதிய பிரெஞ்சுக்காரிகளும் இங்கிலாந்துக்காரிகளும் ஒவ்வொருவராக ஒதுங்கிவிட்டார்களாம். அண்ணியிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள். அவர் வீட்டில் இல்லை. எங்கள் தெருவில் உள்ள பெண்களுக்குக் கபடி சொல்லித்தரப் போயிருந்தார்.

அவளைத் தரையில் சாய்த்தவர்களில் இன்னும் மைதானத்தில் இருப்பவர் அண்ணி ஒருவர்தான்.