பப்பைப் பூட்டிய நாள்

எங்கள் அப்பா ஒரு சொட்டும் குடிக்காதவர். அப்படிப்பட்டவர், மெல்பனிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில், யாரும் எடுக்க முன்வராத ஒரு கிராமத்துப் பப்பை நடத்தப் போகிறேன் என்று நின்றபோது சொந்தக்காரர் எல்லாரும் அவருக்கு விசர் பிடித்துவிட்டது என்றார்கள். அம்மா மட்டும் குசினிச் சாமான்களைக் கட்டினார். கீழே பப், மேல்மாடியில் நாங்கள். எனக்கு ஒன்பது வயது.

முதல் மாதம் முழுக்க அப்பா வெறும் கதிரைகளைத்தான் துடைத்தார். பழைய முதலாளி போனதோடு ஊர்ச்சனமும் பக்கத்து ஊர்ப் பப்புக்குப் போய்விட்டது. முதலில் வந்தவர் ஒரு செம்மறிப் பண்ணைக்காரர். தொப்பியைக் கழற்றவே மாட்டார், அதனால் எனக்கு அவர் தொப்பி அங்கிள். ஜன்னலோரக் கதிரையில் இருந்து ஒரு கிளாஸ் பியர் குடிப்பார். பிறகு மற்றவர்களையும் ஒவ்வொருவராகக் கூட்டிவந்தார். ஒரு வருடத்தில், வெள்ளிக்கிழமை அம்மாவின் ஆட்டிறைச்சிக் கறிக்கு இடம் பிடிக்க வேண்டியிருந்தது.

"இந்த மனுசன் இல்லையெண்டால் நாங்கள் எப்பவோ பூட்டியிருப்பம்" என்பார் அப்பா.

அந்தக் கோடையில் தொப்பி அங்கிள் இறந்துபோனார். அடக்கத்தன்று பப்பைத் திறப்பதா என்ற கேள்வியே எங்கள் வீட்டில் எழவில்லை. யாழ்ப்பாணத்தில் செத்தவீடு என்றால் சந்திக் கடைகள் எல்லாம் பூட்டிக் கிடக்கும். அப்பா பழகிய மரியாதை அதுதான்.

"ஒரு துண்டு எழுதி ஒட்டு பிள்ளை. வடிவா எழுது."

நான்கு தாளை வீணாக்கினேன். ஐந்தாவதில், அவருக்கு மரியாதையாக இன்று பப் மூடப்பட்டிருக்கிறது என்று ஆங்கிலத்தில் எழுதிக் கதவில் ஒட்டினேன்.

அப்பா அடக்கத்தில் முன்வரிசையில் நின்றுவிட்டு, பின்வாசலால் வந்து நேரே குளிக்கப் போனார். குளிக்காமல் ஒன்றையும் தொடமாட்டார். அப்போதுதான் கார்கள் வரத் தொடங்கின. கறுப்பு உடுப்போடு முப்பது நாற்பது பேர் கதவடியில் நின்று என் எழுத்தை வாசித்தார்கள். நான் மேல் ஜன்னலில் நின்று பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். தொப்பி அங்கிளின் மனைவி அவருடைய தொப்பியைக் கையில் வைத்திருந்தார். கதவை ஒருமுறை தள்ளிப் பார்த்தார். பிறகு எல்லாரும் பக்கத்து ஊர்ப் பக்கம் காரைத் திருப்பினார்கள். என்ன ஒழுங்கான சனம் என்று நினைத்தேன்.

அப்பா தலை துவட்டிக்கொண்டு வந்தபோது சொன்னேன். "கனபேர் வந்தவை அப்பா. வாசிச்சுப்போட்டு மற்றப் பப்புக்குப் போயிட்டினம்."

"செத்தவீட்டோடை குடிக்கவே போகினம்?" என்றார் அம்மா.

அப்பாவின் கை துவாயில் அப்படியே நின்றது. "இஞ்சை அடக்கம் முடியப் பப்பிலை கூடுறதுதான் முறைபோலை. அந்த மனுசனை நினைக்க அவரின்ரை கதிரையடிக்கு வந்திருக்கினம். நான் பூட்டிப்போட்டன்."

ஈரத்தலையோடு கீழே ஓடிக் கதவைத் திறந்தார். விளக்கெல்லாம் போட்டார். ஒரு கிளாஸ் பியர் ஊற்றி ஜன்னலோர மேசையில் வைத்தார். நுரை அடங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றோம். யாரும் வரவில்லை. அந்த வெள்ளிக்கிழமையும் கறி மிஞ்சியது. அப்பா மன்னிப்புக் கேட்கப் போனபோது தொப்பி அங்கிளின் மனைவி பரவாயில்லை என்றுதான் சொன்னாராம். ஊர் அப்படிச் சொல்லவில்லை. அடுத்த குளிருக்குள் சாமான்களைக் கட்டிக்கொண்டு மெல்பனுக்கே, ஸ்பிரிங்வேலுக்கு வந்துவிட்டோம்.

அடக்கத்தன்று பின்னேரம் அப்பா கதவிலிருந்த என் தாளை மூலை கிழியாமல் உரித்து, நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். என் எழுத்து அவ்வளவு வடிவாக இருக்கிறது, அதுதான் வைத்துக்கொள்கிறார் என்று நான் சந்தோஷப்பட்டேன்.